அமுக்கினால் திரும்பி வரும் வண்டி: குமரி மாவட்டச் சரிவுகளில் துள்ளலான ட்ரெயில் பைக் ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் என் ட்ரெயில் பைக்கை, அதாவது காட்டுப்பாதையில் ஓட்டும் மிதிவண்டியை, மரத்தில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ரப்பர் பால் வாளியோடு வந்த அண்ணன் ஒருவர் நின்று, வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, மட்கார்டும் இல்ல. பின்ன எதுக்கு மக்கா இவ்வளவு ரூவா குடுத்து வாங்குன?" என்று கேட்டார். நான் பின் ஷாக் அப்சார்பரைக் காட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் சீட்டில் கையை வைத்து ஓர் அமுக்கு அமுக்கிவிட்டு எடுத்தார். பின்பக்கம் இறங்கி, சட்டென்று எழுந்து நின்றது. "சரி, அமுக்குனா திரும்பி வருது" என்றார். போகும்போது, வெட்டுப்பட்டை (பால் வடிய வெட்டிய பட்டை) இருக்கும் பக்கம் வண்டியைச் சாய்க்காதே என்றும் சொல்லிவிட்டுப் போனார். அதில் அவர் சொன்னதுதான் நியாயம்.

அமுக்கினால் திரும்பி வரும். அமுக்காவிட்டால் வராது. இந்த வகை வண்டியை வாங்குகிறவர்கள் பலர் இரண்டாவது வாக்கியத்தை மறந்துவிடுகிறார்கள். முன்னும் பின்னும் ஷாக் இருக்கிறது, மேட்டிலும் பள்ளத்திலும் சொகுசாக உட்கார்ந்து போகலாம் என்று நினைத்து வாங்கி, ஒரே மாதத்தில் "இது என்ன, ஆட்டம் ஆடுது" என்று அலுத்துக்கொள்கிறார்கள். வண்டி ஆடத்தான் செய்யும். ஆட வேண்டியவர் நீங்களும்தான்.

எந்த வண்டி துள்ளும்

கையில் ஓர் அளவு நாடா எடுத்துக்கொள்ளுங்கள். பெடல் சுழலும் அச்சின் நடுவிலிருந்து பின்சக்கர அச்சின் நடுவரை அளந்து பாருங்கள். இதைச் செயின்ஸ்டே நீளம் என்பார்கள். 425 முதல் 435 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அது குட்டையான பின்பக்கம். 445-ஐத் தாண்டினால் வண்டி நிதானமாகப் போகும், ஆனால் முன்சக்கரத்தைத் தூக்க அதிகம் மெனக்கெட வேண்டும். பின்சக்கரம் உங்கள் காலுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ, அவ்வளவு சுலபமாக இடுப்பைச் சற்றுப் பின்னால் நகர்த்தியதுமே முன்பக்கம் எழும். வண்டியின் குணத்தில் பாதி இந்த ஓர் அளவிலேயே இருக்கிறது என்பது என் கருத்து.

மீதிப் பாதி ஷாக்கில் இருக்கிறது. பின்னால் 120 முதல் 140 மில்லிமீட்டர், முன் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவையில்) 130 முதல் 150 வரை அசைவு, அதாவது அமுங்கும் தூரம், இருப்பதுதான் ட்ரெயில் வண்டிக்கு வழக்கம். அசைவு கூடக்கூட வண்டி கல்லை விழுங்கும். கூடவே உங்கள் அமுக்கையும் விழுங்கும். அதனால் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். துள்ளலான வண்டியின் ஷாக் தொடக்கத்தில் மெத்தென்று இருந்து, போகப்போக இறுகி, கடைசியில் முதுகு கொடுத்துத் தாங்கும். அந்தத் தாங்கலில் காலை ஊன்றித்தான் நீங்கள் எழும்புகிறீர்கள்.

ஹேண்டில் கழுத்தின் சாய்வு 65, 66 பாகையில் இருந்தால் திருப்பம் சுறுசுறுப்பாக வரும். 63, 64 என்று படுத்துக்கொண்டால் செங்குத்தான இறக்கத்தில் தைரியம் தரும், ஆனால் மெதுவான வளைவில் முன்சக்கரம் துவளும். சக்கரத்தைப் பொறுத்தவரை 29 அங்குலம் உருண்டு கடக்கும், 27.5 அங்குலம் சட்டென்று திரும்பும். முன்னால் பெரியது, பின்னால் சிறியது என்று கலந்து போடுவதும் உண்டு. சாண்டா க்ரூஸ் நிறுவனத்தின் 5010 இந்த வகைக்கு எல்லோரும் காட்டும் உதாரணம்: பின்னால் 130, முன்னால் 140 அசைவு, அண்மைப் பதிப்பில் கலப்புச் சக்கரம். அதன் விலையைப் பார்த்துவிட்டுச் சோர்ந்து போக வேண்டாம். பின்னால் ஷாக் இல்லாத ஹார்ட்டெயில் வைத்திருந்தாலும் கீழே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும். காலால் அமுக்கக் கற்றுத் தருவதில் ஹார்ட்டெயிலை மிஞ்சிய வாத்தியார் கிடையாது.

முதல் படி: வீட்டு முற்றத்தில்

நான் பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். விற்றவர் என்னைவிட இருபது கிலோ குறைவானவர். அவர் ஷாக்கில் வைத்திருந்த காற்றிலேயே மூன்று வாரம் ஓட்டிவிட்டு, வண்டி மந்தமாக இருக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு அந்த மூன்று வாரமாவது மிஞ்சட்டும்.

ஓட்டும்போது போடும் ஷூ, ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் ஏறுங்கள். ஷாக்கில் பூட்டும் லிவர் இருந்தால் திறந்துவிடுங்கள். சுவரை ஒரு கையால் லேசாகத் தொட்டுக்கொண்டு பெடலில் நின்று இரண்டு மூன்று முறை குதித்து அடங்குங்கள். பிறகு ஷாக்கின் தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தை அடிவரை தள்ளிவிட்டு, மெதுவாகச் சீட்டில் உட்கார்ந்து, குலுங்காமல் இறங்குங்கள். வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறதோ அதுவே உங்கள் எடைக்கு வண்டி அமுங்கும் அளவு.

ஷாக் தண்டின் ஓட்டம் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 15 மில்லிமீட்டர் இறங்கினால் அது 30 சதவீதம், 12.5 என்றால் 25 சதவீதம். முப்பதில் வைத்தால் சொகுசு. துள்ளல் வேண்டுமானால் 25-க்கும் 28-க்கும் நடுவில் வையுங்கள். நான் 13 மில்லிமீட்டரில் வைத்திருக்கிறேன். முன் ஃபோர்க்கில் 15 முதல் 20 சதவீதம் போதும். 140 மில்லிமீட்டர் ஃபோர்க் என்றால் 21 முதல் 28 மில்லிமீட்டர் வரை.

காற்றடிக்க ஷாக் பம்ப்தான் வேண்டும், டயருக்கு அடிக்கும் பம்ப் இதற்கு ஆகாது. பம்பை மாட்டியதும் அளவு குறைந்து காட்டும், ஷாக்கில் இருந்த காற்று குழாய்க்குள் பரவுவதால். கழற்றும்போது 'புஸ்' என்று வருவது குழாயில் இருந்த காற்று. இது தெரியாமல் காற்று போய்விட்டதென்று நான் நாலு தடவை மறுபடி மறுபடி அடித்திருக்கிறேன்.

அடுத்தது, அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாகத் திரும்பி எழ வேண்டும் என்பது. பெரும்பாலும் சிவப்பு நிறத் திருகு ஒன்று இருக்கும், அதுதான் ரீபவுண்ட். அதை முழுவதும் மூடி, அங்கிருந்து எத்தனை சொடுக்கு திறக்கிறீர்கள் என்று எண்ணி எழுதி வையுங்கள். சோதிக்க ஒரு வேகத்தடை போதும், அதற்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே நடை வேகத்தில் அதைக் கடந்து பாருங்கள். பின்பக்கம் எழுந்து ஒரே மூச்சில் அடங்கினால் சரி. இரண்டு மூன்று தரம் ஊஞ்சலாடினால் வேகம் அதிகம், அசையாமல் செத்துக் கிடந்தால் மிகவும் மெதுவு. ஒரே மூச்சில் அடங்கும் நிலையிலிருந்து ஒரு சொடுக்கு, மிஞ்சினால் இரண்டு, வேகமாக்குங்கள். அமுக்கியதைத் திருப்பித் தருவது அந்த ஒரு சொடுக்குதான். அதற்கு மேல் போனால் கல்லில் பட்டதும் வண்டி உங்களை முன்னால் தூக்கி எறியும்.

டயருக்கு, 70 கிலோ ஆளுக்கு, டியூப்லெஸ் 2.4 அங்குல டயர் என்றால் முன்னால் 22–24, பின்னால் 25–27 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். டியூப் போட்டிருந்தால் நாலைந்து கூட்டுங்கள். நம் ஊர் வெட்டுக்கல் விளிம்பில் இடித்து டியூப் இரண்டு பல் தடம்போலக் கிழிவது எனக்குப் பழகிய காட்சி.

இரண்டாம் படி: சானல் கரையில்

நேராகத் தோட்டத்துக்குப் போகாதீர்கள். தோவாளை சானலோ அனந்தனார் சானலோ (பாசனக் கால்வாயைத்தான் இங்கே சானல் என்போம்), உங்கள் ஊர்ப் பக்கம் மண் கரை இருக்கும் ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள். லேசான மேடு பள்ளம் இருந்தால் போதும். குளிக்கிறவர்களும் துணி துவைக்கிறவர்களும் இல்லாத நேரமாகப் பாருங்கள்.

சீட்டை முழுவதும் இறக்குங்கள். பெடல் இரண்டும் தரைக்குச் சமமாக இருக்கட்டும். முழங்கால் மடங்கி, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, முழங்கை வெளியே விரிந்து நிற்க வேண்டும். உடம்பின் எடை மொத்தமும் காலில். ஹேண்டிலைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடித்தால் போதும். பிரேக்கில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும்.

இப்போது பெடல் மிதிக்காமல் கரையின் ஏற்ற இறக்கத்தில் உருளுங்கள். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது காலால் தரையை அமுக்குங்கள். மேட்டில் ஏறும்போது காலை மடக்கி உடம்பை லேசாக்குங்கள். இறங்கினால் அமுக்கு, ஏறினால் விடு, வேறொன்றும் இல்லை. முதல் நாள் ஒரு மேட்டுக்கு மேல் போக மாட்டீர்கள். ஒரு வாரத்தில், மிதிக்காமலே வேகம் கூடுவதைக் காலில் உணர்வீர்கள். ஊஞ்சலில் நின்று உந்துவது எப்படியோ அப்படி. கையால் தள்ளினால் இது நடக்காது, நடப்பதுபோல் தோன்றும்; மறுநாள் தோள் வலிக்கும்.

அடுத்து ஒரு தென்னை மட்டையைக் குறுக்கே போடுங்கள். கல் வேண்டாம், மட்டையே போதும், தவறினாலும் சக்கரம் அதன் மேல் ஏறிப்போய்விடும். மட்டைக்கு ஒரு வண்டி நீளம் முன்னால் உடம்பை இறக்கி அமுக்குங்கள். ஷாக் எழும்போது கையை நீட்டி இடுப்பைப் பின்னால் கொண்டுபோனால் முன்சக்கரம் எழும். ஹேண்டிலைப் பிடித்து இழுக்க வேண்டாம். குட்டைப் பின்பக்கம் கொண்ட வண்டியை இழுத்தால் தேவைக்கு மேல் எழுந்து மல்லாத்திவிடும். முன்சக்கரம் மட்டையைத் தாண்டியதும் எழுந்து நின்று, ஹேண்டிலை முன்னால் தள்ளி, பாதத்தால் பெடலைப் பின்னோக்கி வாரியெடுங்கள். பின்சக்கரம் தானே தொடர்ந்து வரும். எனக்கு இது கைகூட ஆறு வாரம் ஆனது. என் மாமா பையன் இரண்டே நாளில் பிடித்துவிட்டான், அதைப் பற்றி வேண்டாம்.

மூன்றாம் படி: ரப்பர் தோட்டத்துத் தட்டுகள்

சரி, இப்போது உண்மையான இடத்துக்கு வருவோம். இந்த வண்டியின் குணம் முழுதாக வெளிப்படும் இடம் நம் மாவட்டத்தின் மேற்கும் வடக்கும்தான்: குலசேகரம், திருப்பரப்பு, பேச்சிப்பாறை, பெருஞ்சாணிப் பக்கம். சரிவு நீளமில்லை. ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், ஒரு ஓடை, மறுபடி ஏற்றம். நீண்ட அசைவு கொண்ட பெரிய வண்டி இங்கே தூங்கிவிடும்.

தட்டின், அதாவது சரிவில் படிபோல் வெட்டிய நிலத்தின், வடிவத்தை முதலில் இறங்கிப் பாருங்கள். மலைச்சரிவில் ரப்பர் நடும் தட்டுகளை மட்டமாக வெட்டுவதில்லை. மழைத்தண்ணீரும் மண்ணும் கீழே ஓடிவிடாமல் இருக்க, மலைப்பக்கம் கொஞ்சம் தாழ்வாகவும் வெளிப்பக்கம் கொஞ்சம் உயர்வாகவும் வெட்டுவார்கள். தண்ணீரைத் தேக்க வெட்டிய இந்தச் சாய்வுதான் உங்கள் திருப்பங்களை முடிவு செய்கிறது.

மலை உங்கள் இடப்பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குன்று வெளியே துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் தட்டு இடப்பக்கம், மலையை ஒட்டி வளையும். இடப்பக்கம் தாழ்வு என்பதால் தரையே உங்களைத் தாங்கும். இது ஆனந்தத் திருப்பம். வண்டியை இடப்பக்கம் தாராளமாகச் சாயுங்கள், உடம்பைச் சாய்க்க வேண்டியதில்லை. வண்டி உங்களுக்குக் கீழே சாய வேண்டும். பார்வை திருப்பம் முடியும் இடத்தில் இருக்கட்டும். வளைவின் நடுவில் இரண்டு காலாலும் ஓர் அமுக்கு அமுக்கினால், ஷாக் இறங்கி எழும்போது வண்டி உங்களை வேகத்தோடு வெளியே தள்ளிவிடும். இந்த ஒரு நொடிக்காகத்தான் இவ்வளவு செலவும்.

இதே தட்டு உள்ளே மடங்கி ஓடையைச் சுற்றும் இடத்தில் கதை தலைகீழ். அங்கே வலப்பக்கம் திரும்ப வேண்டும், ஆனால் தரை இடப்பக்கம் சரிகிறது. போதாக்குறைக்கு, ஓடை என்பதால் ஈரம், ஈரத்தில் சருகு. வண்டி வாங்கிய முதல் மாதத்தில் நான் விழுந்தது இப்படி ஒரு மடிப்பில்தான். முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு போனதும் முழங்கைத் தோல் போனது, நான் நீர்க்குழிக்குள் கிடந்தேன். டயர் சரியில்லை என்று சொல்லிப் புது டயர் மாட்டினேன். அடுத்த வாரம் அதே இடத்தில் அதே விழுகை. தவறு டயரில் இல்லை. துள்ளலான வண்டி முன்பக்கத்தை லேசாக்கிப் பழக்கிவிடுகிறது. நாமும் பின்னால் சாய்ந்தே நிற்கப் பழகிவிடுகிறோம். பாரமில்லாத முன்சக்கரம் பிடிப்பில்லாத சக்கரம்.

இந்த மடிப்பில் செய்ய வேண்டியது: பிரேக்கை மடிப்புக்கு முன்பே, நேராக இருக்கும்போதே பிடித்து முடித்துவிடுங்கள். வெளிப்பக்கக் காலை, இங்கே இடக்காலை, கீழே இறக்கி அதன் மேல் முழு எடையையும் வையுங்கள். மார்பைக் கொஞ்சம் ஹேண்டில் பக்கம் கொண்டுவாருங்கள். வண்டியைக் குறைவாகச் சாயுங்கள். அமுக்குவது, எழும்புவது எல்லாம் இங்கே வேண்டாம். பின்சக்கரம் ஒரு சாண் வழுக்கினால் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் தானே ஒழுங்குக்கு வந்துவிடும். முன்சக்கரம் வழுக்கினால்தான் ஆபத்து.

பால் வெட்டுகிறவர்கள் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்குக் குறுக்கே நடந்து நடந்து பாதை விழுந்திருக்கும். அதில் ஒரு முழம், ஒன்றரை முழம் உயரத்தில் படிகள் வரும். முதலில் அரை முழப் படியாகப் பார்த்து, உருட்டியே இறங்குங்கள். அப்புறம் மிதமான வேகத்தில் வந்து, முன்சக்கரம் விளிம்பை அடையும்போது ஹேண்டிலை முன்னால் தள்ளி இடுப்பைப் பின்னால் விடுங்கள்; வண்டி சமமாக மிதந்து இறங்கும். இறங்கியதும் முழங்கால் மடங்க வேண்டும். எழும்ப ஆசை வந்தால், விளிம்புக்கு ஒரு கை தூரம் முன்னாலேயே அமுக்குங்கள். விளிம்பிலேயே அமுக்கினால் நேரம் தவறிவிடும், வண்டி மூக்கைக் குத்தும். இறங்கும் இடத்தைப் பார்க்காமல் எந்தப் படியிலும் எழும்பக் கூடாது. சருகு மூடிய நீர்க்குழிகள் தட்டுக்குத் தட்டு இருக்கும், முன்சக்கரம் அதில் புகுந்தால் ஹேண்டிலைத் தாண்டிப் போவது நீங்கள்தான்.

மற்ற தரைகள்

மர வேர்கள் குறுக்கே ஓடினால் நேராகவே கடக்க வேண்டும், சாய்வாகக் கடந்தால் வழுக்கும். தொடர்ந்து மூன்று நாலு வேர் இருந்தால், முதல் வேருக்கு முன் அமுக்கி எழும்பி எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடுவதே சுலபம். பெரிய வண்டிக்காரர்கள் வேரை நசுக்கிக்கொண்டு போவார்கள், நீங்கள் மேலே போங்கள்.

சரல் மண்ணில் மேலே உதிரிக் கல், கீழே கெட்டித் தரை. பிரேக் பிடித்தபடி திரும்பினால் கோலி உருண்டை மேல் போவது மாதிரி. முட்டம் பக்கத்துச் செம்மணல் தேரியிலும் கடற்கரை மணலிலும் இந்த வண்டிக்கு வேலையே இல்லை. போயே ஆக வேண்டும் என்றால் எடையைப் பின்னால் வைத்து, ஹேண்டிலைத் திருப்பாமல், விடாமல் மிதியுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகள் எதற்கு நிற்கின்றன என்று யோசித்தாலே போதும்: அங்கே தரையை விட்டு எழும்ப வேண்டாம், பக்கவாட்டுக் காற்று முன்சக்கரத்தைத் திருப்பிவிடும்.

ஏற்றத்தில் குட்டைப் பின்பக்கம் பழிவாங்கும். செங்குத்தானால் முன்சக்கரம் அலையும், எழும்பும். சீட்டின் முன் நுனிக்கு நகர்ந்து, மார்பை இறக்கி, முழங்கையைக் கீழே மடக்குங்கள். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் சரலில் சுற்றும்.

இன்னொரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல் நிறைந்த நீண்ட இறக்கத்தில் வேகம் கூடினால் இந்த வண்டி பதறும். பின்சக்கரம் காலுக்கு அருகில் இருப்பதால் ஒவ்வொரு கல்லும் காலுக்குச் சேதி சொல்லும். 130 மில்லிமீட்டர் அசைவு சீக்கிரம் தீரும். அப்போது ஹேண்டிலை இறுக்கினால் பதற்றம் கூடத்தான் செய்யும். வேகத்தைக் குறைத்து, கல்லைச் சுற்றியோ தாண்டியோ வழி தேடுங்கள். உங்களுக்கு வேகம் மட்டும்தான் வேண்டுமென்றால் நீங்கள் வாங்க வேண்டியது வேறு வண்டி.

எப்போது, யாரைக் கேட்டு

ஜூனிலிருந்து தென்மேற்கு மழை, அக்டோபரிலிருந்து வடகிழக்கு மழை, நமக்கு இரண்டும் உண்டு. செம்மண் ஊறியிருக்கும்போது ஓட்டினால் டயரில் அப்பம்போல் அப்பிக்கொள்ளும், பாதையும் கெடும். மழை விட்டு இரண்டு நாள் கழித்துப் போனால் தரையின் பிடிப்பு அருமையாக இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிர்க்கும் காலம். பார்க்க அழகு, ஆனால் வேரும் குழியும் கண்ணுக்குத் தெரியாது.

தனியார் தோட்டமானால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் "பைய போ மக்கா" என்பதோடு முடிந்துவிடும். அரசு ரப்பர் கழகத்தின் தோட்டமோ, கோதையாறு, கீரிப்பாறைப் பக்கத்துக் காடோ என்றால் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. அந்தக் காடு வன உயிரினச் சரணாலயம், யானை நடமாட்டம் உண்டு. பால் வெட்டு விடியற்காலையில் நடக்கும், பால் எடுத்து முடியும்வரை காத்திருங்கள். உங்கள் ஹேண்டில் 780 மில்லிமீட்டர் அகலம் என்றால் மரத்தில் கட்டிய பால் சிரட்டையைத் தட்டிவிட அதுவே போதும், ஒருவருடைய காலை உழைப்பு மண்ணில் போய்விடும். தனியாகப் போனால் எந்தத் தோட்டம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஹெல்மெட், முழங்கால் காப்பு இரண்டும் இல்லாமல் படியில் இறங்க வேண்டாம்.

திரும்பி வந்ததும் ஃபோர்க் தண்டையும் ஷாக் தண்டையும் ஈரத்துணியால் துடையுங்கள். செம்மண் தூள் சீலுக்குள் போனால் உப்புத்தாள் வேலை செய்யும். கடலோர ஊர்க்காரர்கள் செயினுக்கு எண்ணெயைத் தள்ளிப்போட வேண்டாம், உப்புக்காற்று இரண்டே நாளில் துருவை ஏற்றிவிடும். அப்புறம் ஷாக் பம்பை மாட்டி அளவைப் பாருங்கள். குழாய்க்குள் பரவியதைக் கழித்த பிறகும் போன வாரத்தைவிட 10 பிஎஸ்ஐ குறைந்திருந்தால், இன்று வண்டி மந்தமாக இருந்ததற்குக் காரணம் உங்கள் கால் இல்லை.